"நீங்க போயிட்டா சாவி யாருகிட்ட இருக்கும்?"

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ரயில் நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் என் வீடு. முதல் மாடியில் தனியாக இருக்கிறேன். கீழ்வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வயது 57. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்துவிட்டு விருப்ப ஓய்வு வாங்கினேன்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சுயநலக்காரி. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்து ஊரே நாசமானபோது எங்கள் தெருவில் பல நாள் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடவில்லை. என் வீட்டில் அடிபம்பு இருந்தது. முதல் நாள் நாலு பேர் குடத்தோடு வந்தார்கள். மறுநாள் பதினைந்து பேர். மூன்றாம் நாள் கேட்டைப் பூட்டிவிட்டேன். வாசலெல்லாம் சேறாகிறது, சத்தம் தாங்க முடியவில்லை என்று சொன்னேன். இடுப்பில் கைக்குழந்தையோடு ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு குடம்க்கா" என்று கேட்டாள். நான் உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

என் தங்கைக்கு பண்ருட்டி. அவள் மகளுக்குக் கடலூரில் காலேஜ் சீட் கிடைத்தது. "மூணு வருஷம் உன்கூட இருந்து படிக்கட்டும்க்கா" என்று கேட்டாள். எனக்குத் தனியாக இருந்துதான் பழக்கம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் தினமும் பஸ்ஸில் வந்துபோய்ப் படித்தாள். அதிலிருந்து தங்கை என்னோடு பேசுவதில்லை.

இப்படிப்பட்ட என் வாழ்க்கைக்குள் ஒரு குழந்தை வந்துவிட்டாள்.

கீழ்வீட்டுக்காரர் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். கணவர் சிங்கப்பூரில். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆயா ஒருவர் கூட இருந்தார், நர்ஸின் அம்மா. குடிவந்த மூன்றாம் மாதமே அவர் மாரடைப்பில் போய்விட்டார். அதன் பிறகு குழந்தை பள்ளிக்கூட வேன் இறக்கிவிட்டதும் மாடிப்படியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அப்போது எட்டு வயது. என் வழியை மறிக்கிறதே என்று இரண்டு தடவை அதட்டியிருக்கிறேன்.

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்த ராத்திரி. கரண்ட் இல்லை. ஏழரை மணி இருக்கும், யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் நனைந்துபோய் நிற்கிறாள். "மெ... மெ... மெழுகுவத்தி இருக்கா பாட்டி?" மழையில் மாற்று நர்ஸ் வர முடியாததால் அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து விடவில்லை. போனும் கிடைக்கவில்லை. ஒரு மெழுகுவத்தியைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தப் போனேன். "இது தீ... தீந்துட்டா இன்னொண்ணு தருவீங்களா?" என்று கேட்டாள். ராத்திரி முழுக்க வந்து தட்டிக்கொண்டே இருப்பாள் என்று தோன்றியது. அதற்கு உள்ளே உட்காரவைப்பதே தேவலை என்று உள்ளே விட்டேன். இரக்கத்தில் செய்தது இல்லை.

"பாட்டின்னு கூப்பிடாதே" என்றேன். "அப்ப எப்படிக் கூப்பிடறது?" "எப்படியும் கூப்பிட வேண்டாம்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாடி, எனக்குத் தூக்கம் வருது" என்றாள். அன்றிலிருந்து நான் மாடி. "மாடி, காபி ஆச்சா?" "மாடி, உங்க கண்ணாடி கட்டிலுக்கு அடியில கிடக்கு."

மறுநாள் காலை அவள் அம்மா ஓடிவந்து அழுதார். அந்த வாரமே கீழ்வீட்டு மாற்றுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்தார். வேன் வந்ததும் குழந்தை மேலே வரும். அம்மா வர எட்டரை ஆகும். நாலரை வரைக்கும் நான் பேப்பர் படிப்பேன், அதற்கு முன்னால் தட்டக்கூடாது என்று சொல்லியிருந்தேன். நாலு இருபதுக்கே வந்து படியில் உட்கார்ந்திருப்பாள். நாலரைக்குத்தான் தட்டுவாள். ஒரு நாள்கூட மீறியதில்லை.

அவளுக்குப் பேச்சு திக்கும். பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லியே கேலி செய்கிறார்களாம், அதனால் தோழி என்று யாரும் இல்லை. என்னிடம் அவ்வளவாகத் திக்குவதில்லை. நான் பொறுமையாகக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். பாதி நேரம் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். அவள் தரையில் படுத்துப் படம் வரைவாள். வறுத்த முந்திரி எனக்குப் பிடிக்கும். அவளுக்கு நாலு எண்ணிக் கொடுப்பேன். "நீங்க பதினொண்ணு எடுத்தீங்க" என்பாள். "என் காசு" என்பேன். சரி என்று தலையாட்டுவாள். இப்போது அது ஏழாகிவிட்டது. எப்போது ஏழானது என்று எனக்குத் தெரியவில்லை.

பொங்கல் லீவில் அவர்களோடு சில்வர் பீச் போனேன். அவள் அலையில் கால் வைத்தபோது என் வயிறு அப்படியே கலங்கியது. சுனாமியைப் பார்த்த ஊர்க்காரி என்பதால் மட்டும் வந்த பயம் இல்லை அது. இந்தப் பயம் வேண்டாம் என்றுதானே இத்தனை வருடம் யாரையும் அண்டவிடாமல் இருந்தேன்?

ஒரு தப்பும் செய்திருக்கிறேன். சில மாதம் முன்பு கணக்குப் பரீட்சைப் பேப்பரைக் கொண்டுவந்தாள். இருபத்தைந்துக்கு ஏழு. அம்மா கையெழுத்து வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்கள். "அம்மா அழுவாங்க" என்றாள். அவள் அம்மாவின் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்தேன். "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றேன். அதற்கப்புறம் இன்னும் இரண்டு தடவை போட்டேன். போன வாரம் வேனில் ஒரு பையன் அவள் நோட்டைக் கிழித்துப்போட்டிருக்கிறான். அதைச் சொல்லிவிட்டு அவளே, "இது நமக்குள்ள இருக்கட்டும் மாடி" என்றாள். எனக்குத் திக்கென்றது.

இரண்டு வருடம் முன்பு கோயம்புத்தூரில் முதியோருக்கான குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கப் பணம் கட்டியிருந்தேன். வருகிற ஜூனில் சாவி தருகிறார்கள். ஒருநாள் போனில் அதைப் பற்றிப் பேசியது குழந்தையின் காதில் விழுந்துவிட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. "நீங்க போயிட்டா சாவி யாருகிட்ட இருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், படத்தைப் போடு" என்றேன்.

மே மாதம் அவளைச் சிதம்பரத்தில் மாமா வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டைக் காலி செய்துவிட்டால் அவள் அழுவதைப் பார்க்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

தங்கைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "சொந்த ரத்தத்துக்கு இடமில்ல, வாடகைக்கு வந்த புள்ளைக்கு முந்திரி வறுத்துக் குடுக்கறாளாம்" என்று சொன்னாளாம். அவள் சொல்வது சரிதானே? இது அன்பா, அல்லது வயசான காலத்தில் பொழுதுபோக ஒரு குழந்தையைப் பிடித்துவைத்திருக்கிறேனா? எதையும் மூடி மறைக்காமல் சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

மே மாதத்தில் சொல்லாமல் போகாதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம், இதை மட்டும் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அந்தக் குழந்தையின் நிலையிலிருந்து பாருங்கள். அப்பா விமானம் ஏறிப் போனார். ஆயா ஒருநாள் இருந்தார், மறுநாள் இல்லை. இப்போது லீவு முடிந்து வந்து மாடிப்படி ஏறினால் கதவில் பூட்டுத் தொங்குகிறது. பெரியவர்கள் காரணம் சொல்லாமல் மறையும்போது குழந்தைகள் தாங்களாகவே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். அந்தக் காரணம் பெரும்பாலும் அவர்களாகவே இருக்கும். முந்திரி நிறையக் கேட்டோம், சத்தம் போட்டோம், திக்கித் திக்கிப் பேசினோம், அதனால்தான் மாடி போய்விட்டது என்று அவள் நினைப்பாள். அவள் அழுவதை நீங்கள் பார்க்க வேண்டியிருக்காது. ஆனால் அவள் அழத்தான் செய்வாள், பக்கத்தில் நீங்கள் இல்லாமல்.

அன்பா சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். குழந்தை உங்களிடம் எதைப் பிடித்துக்கொண்டாள் என்று தேடினால், நீங்கள் குறை என்று எழுதியிருக்கும் இடங்களிலேயே அது கிடைக்கிறது.

ஆயா இறந்த வீடு, அப்பா ஊரில் இல்லை, பேச்சு வேறு திக்குகிறது. இந்தக் குழந்தையைப் பார்க்கிற எல்லோரும் "பாவம்" என்றுதான் பார்த்திருப்பார்கள். ஆசிரியர், வேன் டிரைவர், பக்கத்து வீட்டுக்காரர், எல்லோரும். பாவம் பார்ப்பவர்கள் "அப்புறம் வா", "நாளைக்கு விளையாடலாம்" என்று நல்லதனமாகச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நாளை வரும், அவர்கள் வரமாட்டார்கள். நீங்கள் நாலரை என்றால் நாலரைக்குக் கதவு திறக்கிறது. முந்திரி நாலு என்றால் நாலு. உங்கள் 'வேண்டாம்' உண்மையான வேண்டாம் என்பதால், உங்கள் 'சரி'யையும் அவளால் நம்ப முடிகிறது. நாலு இருபதுக்கே வந்து உட்கார்கிறாளே, பத்து நிமிடம் கழித்து நிச்சயமாகத் திறக்கப் போகும் ஒரு கதவு அவள் வாழ்க்கையில் வேறு எங்கே இருக்கிறது?

குழந்தை மருத்துவராகவும் உளப்பகுப்பாய்வாளராகவும் இருந்த டொனால்ட் வினிகாட் 1958-இல் எழுதிய ஒரு கட்டுரை எனக்கு நினைவுக்கு வந்தது. தனியாக இருக்கும் திறமையை ஒரு குழந்தை தனிமையில் கற்றுக்கொள்வதில்லை, நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் கற்றுக்கொள்கிறது என்று அதில் சொல்கிறார். நீங்கள் குறுக்கெழுத்துப் போடுகிறீர்கள், அவள் தரையில் படம் வரைகிறாள். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அதைக் கவனிப்புக் குறைவு என்று நீங்கள் கணக்கெழுதி வைத்திருக்கிறீர்கள். ஆயா போன பிறகு அவளுக்குக் கிடைக்காமல் இருந்தது அதுதான்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பப் பிரச்சினை என்று பல சுமைகளோடு வளர்ந்த குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒரு விஷயம், மாறாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவர். பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தாத்தா பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராகவும் இருந்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர்கள் எல்லோரும் தியாகிகளாக இருந்தார்களா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

உங்களுக்கும் இதில் லாபம் இருக்கிறது என்பது உண்மை. சாயங்காலம் நிறைகிறது, வீட்டில் ஒரு குரல் கேட்கிறது. இருக்கட்டுமே. எந்த நட்பில் இரண்டு பக்கமும் லாபம் இல்லை? உங்கள் தேவைக்காக அவளை வளைக்காத வரைக்கும் அதில் தப்பில்லை. வளைத்த இடம் ஒன்று இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

அந்தக் கையெழுத்து.

அம்மா அழக்கூடாது என்று குழந்தை நினைத்தாள். குழந்தை அழக்கூடாது என்று நீங்கள் நினைத்தீர்கள். இரண்டும் நல்ல எண்ணம்தான். ஆனால் நடந்தது என்ன? அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு பெரியவரோடு ரகசியம் வைத்துக்கொள்ளலாம், அதுதான் நெருக்கம் என்று அவள் கற்றுக்கொண்டாள். ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்கு இதைவிட ஆபத்தான பாடம் இல்லை. நாளைக்குக் கெட்ட எண்ணத்தோடு வருகிற ஒருவனும் இதே மூன்று வார்த்தையைத்தான் சொல்வான்: "இது நமக்குள்ள இருக்கட்டும்." நோட்டைக் கிழித்த விஷயத்தை அவள் அப்படிச் சொன்னபோது உங்களுக்குத் திக்கென்றதே, உங்கள் மனசு அந்த இடத்தில் சரியாக வேலை செய்திருக்கிறது.

இதை நீங்கள்தான் நேர்செய்ய வேண்டும், அதுவும் ஊரைவிட்டுப் போவதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே. நர்ஸம்மாவுக்கு டியூட்டி இல்லாத நாளாகப் பார்த்துக் கீழே போங்கள். மூன்று கையெழுத்தையும் சொல்லிவிடுங்கள். அவர் கோபப்படலாம், சாவியைத் திருப்பிக் கேட்கவும் செய்யலாம். கேட்டால் கொடுத்துவிடுங்கள், அது அவர் உரிமை. பெரும்பாலும் கேட்கமாட்டார் என்று நினைக்கிறேன். புயல் ராத்திரியில் தன் குழந்தையை உள்ளே விட்டவரை ஒரு தாய் லேசில் மறக்கமாட்டார். பிறகு குழந்தையிடம் அம்மாவை வைத்துக்கொண்டே சொல்லுங்கள்: "மாடி பண்ணது தப்பு. அம்மாகிட்ட சொல்லக்கூடாதுன்னு யார் சொன்னாலும், அதை அம்மாகிட்ட முதல்ல சொல்லணும். மாடி சொன்னாலும் அப்படித்தான்." வேனில் நடந்ததையும் அப்போதே அம்மாவின் காதுக்குக் கொண்டுபோய்விடலாம். குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணையும், அது எதற்கு என்பதையும் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நீங்கள் பெண், நல்லவர், எல்லாம் சரி. ஆனாலும் குழந்தை மேலே இருக்கும் நேரம் வாசல் கதவு திறந்தே இருக்கட்டும், அவள் அம்மா சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் ஏறி வரட்டும். குழந்தை நாளைக்கு வேறு வீடுகளுக்கும் போவாள். கதவு திறந்திருப்பதுதான் வழக்கம் என்று அவள் பழகியிருக்க வேண்டும்.

திக்குவதைப் பற்றி. சாதாரணமாக இது 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும், நிறையக் குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். ஒன்பது வயதிலும் இருக்கிறது என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுவது நல்லது. உங்களிடம் ஏன் குறைகிறது தெரியுமா? நீங்கள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. "மெதுவா சொல்லு", "மூச்சு விட்டுட்டு சொல்லு" என்று திருத்துவதில்லை. வார்த்தையை நீங்களே முடித்துக் கொடுப்பதும் இல்லை. இதை அவள் அம்மாவுக்கும் வகுப்பாசிரியருக்கும் சொல்லுங்கள், அவர்களுக்கு உதவும். கணக்கில் ஏழு மார்க் என்றால் உண்மையில் கணக்குத்தான் வரவில்லையா, அல்லது எழுந்து நின்று சந்தேகம் கேட்கக் கூச்சமா என்பதையும் அப்படியே விசாரிக்கலாம்.

இப்போது கோயம்புத்தூர். இருந்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லமாட்டேன். ஒரு குழந்தைக்காக உங்கள் முதுமையின் ஏற்பாட்டைக் கலைத்துவிட்டால், நாளைக்கு அவள் வளர்ந்து தோழிகளோடு போகும்போது அந்தக் கணக்கை அவளிடம் நீட்டத் தோன்றும். அவர்களே வாடகை வீட்டில் இருப்பவர்கள். அப்பா அழைத்தால் அடுத்த வருடம் சிங்கப்பூருக்குக்கூடப் போய்விடலாம். ஆனால் ஒன்றை மட்டும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வருடம் முன்பு பணம் கட்டும்போது எதற்காகக் கட்டினீர்கள்? வயதான காலத்துக்கு வைத்தியம், சாப்பாடு, துணை வேண்டும் என்றா? யாருக்கும் எதுவும் கடன்படாமல் இருக்கலாம் என்றா? முதல் காரணம் என்றால் போங்கள். இரண்டாவது என்றால், சில்வர் பீச்சில் வயிறு கலங்கிய பிறகும் அந்தக் காரணம் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். சாவி வாங்கிக்கொண்டு ஒரு வருடம் கழித்துக் குடிபோகவும் உங்களுக்கு வழி இருக்கலாம்.

போவதுதான் முடிவு என்றால், இன்றே தேதியைச் சொல்லத் தொடங்குங்கள். காலண்டரில் அவளே வட்டம் போடட்டும். "எப்பவும் உன்கூடதான் இருப்பேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உங்களால் முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்குப் போன் என்றால், நாலரைக்கு மணி அடிக்க வேண்டும். மாதம் ஒன்று என்றால் ஒன்று. நாலு முந்திரி என்று சொல்லி நாலே கொடுத்தவர் நீங்கள், இது உங்களால் முடியும். அவள் அழட்டும், நீங்களும் அழுங்கள். போவதற்குள் அவள் வயதுக் குழந்தை ஒன்றையாவது அந்த நாலரை மணிக்கு மேலே வரவழைக்க முடிந்தால் வரவழையுங்கள். ஒரே ஒரு குழந்தை போதும். உங்கள் வீடு சத்தமாகும், தரை அழுக்காகும். பரவாயில்லை.

தங்கை சொன்னது உங்களைச் சுட்டிருக்கிறது. சுடட்டும், அவர் சொன்னதில் பாதி உண்மை. தங்கை மகளுக்குச் செய்யாததை இந்தக் குழந்தைக்குச் செய்து ஈடுகட்ட முடியாது. அன்றைக்குக் கம்பியைப் பிடித்து நின்ற பெண்ணுக்கும் அப்படித்தான். அந்தந்தக் கடன் அந்தந்த இடத்தில்தான் இருக்கிறது. பண்ருட்டிக்கு ஒரு பஸ் ஏறி, தங்கை மகளைப் பார்த்து, "உன்னைச் சேர்த்துக்காதது என் தப்பு" என்று ஒரு வரி சொல்லிவிட்டு வாருங்கள். கதவைத் திறக்காவிட்டாலும் போய்விட்டு வாருங்கள். இந்தக் குழந்தையை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கடைசியாக, அவள் கேட்ட கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. சாவி யாரிடம் இருக்கும்? அவள் அம்மாவும் நீங்களும் உட்கார்ந்து தெருவில் நம்பிக்கையான இரண்டு மூன்று வீடுகளை முதலில் யோசித்து வையுங்கள். பிறகு யாரிடம் இருந்தால் அவளுக்குப் பிடிக்கும் என்று அவளிடமே கேளுங்கள். பெயர் சொல்லும்போது திக்குவாள். நீங்கள் எடுத்துக்கொடுக்காமல், அவள் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்